ஒரே ஒலி, வேறு குறி: கூடைப்பந்து நடுவர்களின் சுருக்கக் குறிகளைப் பழகும் முறை

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பள்ளிகளின் வட்டாரப் போட்டியோ கோடை மின்னொளிப் போட்டியோ நடக்கும்போது, "தம்பி, சும்மாதானே நிக்கிற, டேபிள்ல உக்காரு" என்று புள்ளி, ஃபவுல் எழுதும் மேசைக்குத் திடீரென்று கூப்பிடப்படுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. முன்னாள் ஆட்டக்காரர், உடற்கல்வி ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று யாராகவும் இருக்கலாம். ஆட்டம் தெரியும். தாளில் இருக்கும் எழுத்துதான் பிடிபடாது.

நடுவர்கள் எழுதுவதெல்லாம் ஆங்கில முதலெழுத்துகள். மொத்தக் குறிகளும் ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆனாலும் தடுமாற்றம் வருவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. இரண்டாவது நம் நாக்கும் காதும் சம்பந்தப்பட்டது: ஒற்றை வயிற்று பி-யும் இரட்டை வயிற்று பி-யும் நம் வாயில் ஒன்றேதான். குடை மாதிரி நிற்கும் டி-யும் வில் மாதிரி வளைந்த டி-யும் அப்படியே. அதனால் இங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் அதன் சொல்லைச் சேர்த்தே எழுதியிருக்கிறது: பர்சனல் பி (உடல் மோதும் ஃபவுல்), பெஞ்ச் பி (பெஞ்சில் இருப்பவரால் வருவது), டெக்னிக்கல் டி (நடத்தைக்கான ஃபவுல்), டிஸ்குவாலிஃபை டி (வெளியேற்றும் ஃபவுல்). மேசையிலும் இப்படியே சொல்லிப் பழகுங்கள். காரணம் நான்காவது படியில்.

முன்னேற்பாடு

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகம் செல்பேசியில் இருக்கட்டும். இங்கே சொல்வது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பை ஒட்டியது.

வெற்று ஸ்கோர் ஷீட் ஆறாவது வேண்டும். நான்கைப் பழகிக் கிழித்துவிட்டு மிச்சத்தை ஆட்டத்துக்கு வையுங்கள். அச்சடித்த அசல் தாள் நான்கு நிறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்: வெள்ளை ஃபிபாவுக்கு, நீலம் போட்டி நடத்துபவருக்கு, இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. கையெழுத்து மேல்தாளில் அழகாக இருந்தால் போதாது. அழுத்தி எழுதாவிட்டால் மஞ்சள் தாளில் ஒன்றும் விழாது. சண்டைக்கு வருபவர் கையில் இருப்பது அந்த மஞ்சள்தான். உள்ளூரில் பெரும்பாலும் ஜெராக்ஸ் தாளில்தான் ஓடுகிறது. அதில் தவறில்லை, ஆட்டம் முடிந்து கையெழுத்தானதும் படம் எடுத்துக்கொண்டால் சரி.

பேனா இரண்டு நிறம். முதல், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் கால்பகுதிக்கும் கூடுதல் நேரத்துக்கும் கருநீலம் அல்லது கறுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம். கடலோரத்தில் சாயங்காலத்துக்கு மேல் தாள் நமுத்துப்போகும். ஜெல் மை அதில் ஊறிப் பரவி, எழுத்தின் அருகே போட்ட சின்ன 1, சின்ன சி மாதிரி தெரியும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஃப்ரீ த்ரோ, ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பில்லாமல் கிடைக்கும் எறி.

கெட்டி அட்டை ஒன்று, கிளிப் நான்கு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் மேலே போட்ட ஒரு கிளிப்பை நம்பக்கூடாது, நான்கு மூலையும் பிடித்திருக்க வேண்டும். மஞ்சள் விளக்குள்ள மைதானம் என்றால் வெள்ளை வெளிச்சம் தரும் சின்ன டார்ச் ஒன்று. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு எது, கறுப்பு எது என்று கண்ணுக்கே சந்தேகம் வரும்.

1. எந்தப் புத்தகம் என்று முதலில் கேளுங்கள்

இங்கே நடக்கும் போட்டிகள் ஃபிபா விதிப்படி நடப்பவை. ஆனால் புதியவர்கள் யூடியூபில் பார்த்துக் கற்பது பாதிக்குமேல் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி நடுவர்களின் காணொளி. அங்கே புழங்கும் குறிகள் வேறு. பந்து வைத்திருப்பவர் இடித்தால் அவர்கள் "பிசி" என்பார்கள், ப்ளேயர் கண்ட்ரோல் ஃபவுல் என்று பொருள். ஆட்டம் எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்தே தொடர்வதை "பிஓஐ" என்பார்கள். ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் இவை இரண்டுக்கும் இடமே இல்லை. இடித்த ஃபவுலும் அங்கே வெறும் பர்சனல் பி-தான்.

எனவே நோட்டில் ஒரு குறியை எழுதுமுன் அது எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். அமெரிக்கக் குறிகளைத் தனிப் பக்கத்தில் ஒதுக்குங்கள், அல்லது இந்த மாதத்துக்கு மறந்துவிடுங்கள். இரண்டாவதே நல்லது.

2. அகரவரிசையில் படிக்காதீர்கள்

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் அகரவரிசையில் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்தவர்தான் ஆட்டத்தில் முதலில் குழம்புகிறார். சி என்றால் என்ன என்று கேட்டால் நான்கு பதில் சொல்வார். தாளில் இந்தக் கட்டத்தில் இருக்கும் சி எது என்றால் விழிப்பார்.

நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம் களம்: நடுவர் எங்கே நிற்கிறார், அவர் பொறுப்பு என்ன. இரண்டாவது தாள்: ஸ்கோர் ஷீட்டில் என்ன எழுதுகிறோம். மூன்றாவது பேச்சு: ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடுவர்கள் கூடிப் பேசுவது, புள்ளிவிவரத் தாளில் வருவது. ஒரு குறி இரண்டு பக்கத்தில் வந்தால் இரண்டிலும் எழுதி வட்டமிடுங்கள். வட்டம் போட்டவைதான் ஆளைக் கவிழ்ப்பவை.

யு களத்தில் அம்பயர், தாளில் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் (விளையாட்டு மனப்பான்மைக்கு ஒவ்வாத ஃபவுல்). குடை டி களத்தில் டிரெயில், தாளில் டெக்னிக்கல். பெரிய சி களத்தில் சென்டர், தாளில் கோச். அதே தாளில் சின்ன சி என்றால் ஈடுகட்டி ரத்தானது. இரட்டை வயிற்று பி தாளின் தலைப்பில் இரண்டாவது அணியின் பெயர், ஃபவுல் கட்டத்தில் பெஞ்ச். "டிஓ" கொடுமையிலும் கொடுமை: டைம் அவுட், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), டேபிள் அஃபிஷியல் (மேசையில் உட்காருபவர்) மூன்றுக்கும் அதுவே.

3. களத்துக் குறிகளை முதலில் முடியுங்கள்

இவை குறைவு, கண்ணால் பார்க்கக்கூடியவை. அதனால் முதலில். இரண்டு நடுவர் என்றால் எல் என்பவர் லீட், பந்து போகும் பக்கத்துக் கடைக்கோட்டில் நிற்பவர். டிரெயில் பின்னால் வருபவர். மூன்று பேர் என்றால் எதிர்ப்பக்கவாட்டில் சென்டர் சேருவார். இதையே "2பிஓ", "3பிஓ" என்கிறார்கள், இருவர் நடுவம், மூவர் நடுவம். நம் பக்கம் பெரும்பாலும் இருவர்தான்.

லீட், டிரெயில் என்பவை ஆளின் பெயர் அல்ல, அந்த நேரத்து இடம். பந்து கைமாறி அடுத்த பக்கம் போனதும் லீட்டாக இருந்தவர் டிரெயிலாகிவிடுவார். "அந்தச் சிவப்புக் கயிற்று விசில்காரர்தான் லீட்" என்று மனதில் பதிய வைத்தவர் அடுத்த அரை நிமிடத்தில் தொலைந்துபோவார்.

மாறாமல் இருப்பது பதவிக் குறி. "சிசி" என்றால் க்ரூ சீஃப், தலைமை நடுவர். "யு1", "யு2" அம்பயர்கள். பழைய ஆட்கள் இன்னும் ரெஃப்ரி, அம்பயர் என்றே சொல்வார்கள். அந்த ரெஃப்ரிதான் இந்த சிசி. திருத்த வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

4. எழுதும்போது எழுத்து, சொல்லும்போது முழுச்சொல்

எல்லாவற்றையும்விட இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இது இருக்காது, ஏனென்றால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

மேசையில் உதவி ஸ்கோரர் "பி ஒன்" என்கிறார். அது கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒரு ஃப்ரீ த்ரோவுக்கான பர்சனல் பி 1 ஆக இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்தவர் கத்தியதற்காகக் கோச் கணக்கில் ஏறும் பெஞ்ச் பி 1 ஆகவும் இருக்கலாம். முதலாவது ஆட்டக்காரரின் ஐந்தில் ஒன்று, அணி ஃபவுலிலும் சேரும். இரண்டாவது கோச்சின் வரிசைக்குப் போகும், அணி ஃபவுலில் சேராது. இரண்டு ஃபவுல் கணக்கையும் ஒரே ஒலி கெடுத்துவிடும்.

"டி" இன்னும் ஆபத்து. டெக்னிக்கல் என்றால் ஆட்டக்காரர் களத்தில் தொடரலாம். டிஸ்குவாலிஃபை என்றால் அந்த நொடியே வெளியேற வேண்டும். "ஜிடி" என்று ஒருவர் சொன்னால் கேம் டிஸ்குவாலிஃபிகேஷனா, கூடைக்கு இறங்கும் பந்தைத் தட்டிய கோல்டெண்டிங்கா? "பிசி" என்றால் பந்தைத் தன் பாதிக்கே திருப்பிய பேக்கோர்ட்டா, யூடியூப் ப்ளேயர் கண்ட்ரோலா? ஒலி ஒன்றுதான். பாம்பன் பக்கம் திறந்த மைதானத்தில் காற்றும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் மேசையில் எழுத்தை உச்சரிக்கக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவையுங்கள். "பர்சனல், ஒன்று", "பெஞ்ச், ஒன்று", "டெக்னிக்கல், ஒன்று". எழுத்து பேனாவில் மட்டும். யாராவது பழக்கதோஷத்தில் "பி" என்றால் கூச்சப்படாமல், "அண்ணே, பர்சனலா பெஞ்ச்சா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க இரண்டு நொடி. தப்பாக எழுதினால் திருத்தப் பத்து நிமிடம், கூடவே இரண்டு கோச்சும் மேசைமேல் சாய்ந்து நிற்பார்கள்.

காதைவிடக் கண் நம்பகமானது. நடுவரின் கை சொல்வதுதான் தீர்ப்பு: இரு உள்ளங்கைகளைக் குடைபோல் சேர்த்தால் டெக்னிக்கல், ஒரு கையின் மணிக்கட்டை மற்றொன்று பிடித்து உயர்த்தினால் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக், இரண்டு முஷ்டியும் மேலே போனால் டிஸ்குவாலிஃபை. நடுவர் அறிவிக்கும் வரிசையும் மாறாது: ஆட்டக்காரர் எண், ஃபவுல் வகை, பிறகு ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை அல்லது பந்து போகும் திசை. மூன்றும் முடியும்வரை தலையைக் குனிந்து எழுதத் தொடங்காதீர்கள். பாதியில் குனிபவர்தான் மூன்றாவது சைகையைத் தவறவிட்டு, எண் இல்லாத பர்சனல் பி-யோடு நின்றுவிடுகிறார்.

ஆட்டக்காரர் எண்ணைத் தமிழில் சொல்லிக்கொள்வது இங்கே லாபம். ஆங்கிலத்தில் தர்ட்டீனும் தர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காற்றில் ஒன்றாகிவிடும். பதிமூணும் முப்பதும் ஆகாது. சட்டை எண்ணாக 0, 00 இரண்டும் செல்லும். "ஒத்தை சைபர்", "ரெட்டை சைபர்" என்று பிரித்துச் சொல்லுங்கள். கையில் 11 முதல் 15 வரை காட்டும்போது வலது கை மூடிய முஷ்டி, இடது கையில் 1 முதல் 5. 16-லிருந்து புறங்கையில் பத்தின் இடம், பிறகு உள்ளங்கையில் ஒன்றின் இடம். புறங்கை காட்டியதைக் கவனிக்காமல் விட்டால் 25 வெறும் 5 ஆகிவிடும்.

5. ஃபவுல் கட்டங்கள்

ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டம். அதில் விழுபவை: பர்சனல் பி, டெக்னிக்கல் டி, அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் யு, டிஸ்குவாலிஃபை டி. தலைமைக் கோச்சுக்கு: அவர் தானே தகாதபடி நடந்துகொண்டால் கோச் சி, பெஞ்சில் உள்ள மற்றவர்களால் அல்லது வேறு காரணத்தால் வந்தால் பெஞ்ச் பி. இந்த இரண்டு எழுத்தும் கோச்சின் வரிசையைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது. மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து கத்தியதற்கு அவர் பெயருக்கு நேராகப் பெஞ்ச் பி போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

எழுத்தை அடுத்து, கொடுத்த ஃப்ரீ த்ரோவின் எண்ணிக்கையைச் சின்னதாக எழுத வேண்டும். பர்சனல் பி-க்கு எண் இல்லையென்றால் பந்து வெளியிலிருந்து எறியப்படுகிறது. கூடை விழுந்தும் ஃபவுல் என்றால் 1. இரண்டு புள்ளி எறி தவறினால் 2, மூன்று புள்ளி எறி தவறினால் 3. டெக்னிக்கல், கோச், பெஞ்ச் மூன்றுக்கும் 1. அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக்குக்கும் டிஸ்குவாலிஃபைக்கும் வழக்கமாக 2. கூடை விழுந்தால் 1, மூன்று புள்ளி எறியில் 3. எத்தனை எறி கொடுத்தோம் என்பதுதான் இந்த எண். எத்தனை உள்ளே விழுந்தது என்பதல்ல. ஒன்று தவறிவிட்டதே என்று 2-ஐ 1 ஆக்கிவிடாதீர்கள்.

இரு அணிக்கும் சமமான தண்டனை வந்து ஒன்றையொன்று ஈடுகட்டினால், எண்ணுக்குப் பதில் சின்ன சி. இருவர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் ஃபவுல் செய்தால் இருவர் கட்டத்திலும் பர்சனல் பி, அருகே சின்ன சி. ரத்தானது ஃப்ரீ த்ரோ மட்டும்தான். ஃபவுல் அப்படியே நிற்கும், ஆட்டக்காரர் கணக்கிலும் அணிக் கணக்கிலும் ஏறும். "ரத்து" என்ற சொல்லை நம்பி அணி ஃபவுலில் குறுக்குக்கோடு போடாமல் விட்டுவிடுவார்கள்.

கேம் டிஸ்குவாலிஃபிகேஷன் ஜிடி தனியாக வரும் ஃபவுல் அல்ல, ஒரு முடிவு. ஆட்டக்காரருக்கு இரண்டு டெக்னிக்கல், அல்லது இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக், அல்லது ஒவ்வொன்றும் ஒன்று சேர்ந்தால், கடைசி ஃபவுலை எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் ஜிடி. கோச்சுக்கு இரண்டு கோச் சி, அல்லது கோச், பெஞ்ச் கலந்து மொத்தம் மூன்று. இதை நடுவர் நினைவில் வைத்திருக்க மாட்டார்; எழுதுபவர்தான் உடனே சொல்ல வேண்டும். முதல் டெக்னிக்கலும் முதல் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக்கும் விழுந்த ஆட்டக்காரர்களின் எண்ணை அட்டை ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் ஒரு குடை டி-யைத் தேடுவது ஆட்டம் ஓடும்போது நடக்காத காரியம்.

சண்டையின்போது பெஞ்சை விட்டு வந்து வெளியேற்றப்பட்டவருக்கு மீதமுள்ள கட்டங்கள் எல்லாவற்றிலும் எஃப், ஃபைட்டிங் என்பதன் முதலெழுத்து. ஃபவுல் என்பதற்கும் எஃப்தானே என்று சாதாரண ஃபவுலுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள்.

அணி ஃபவுல் கட்டங்கள் கால்பகுதிக்கு நான்கு, அவற்றில் பெருக்கல் குறி. ஆட்டக்காரர் செய்த ஃபவுல்கள் மட்டும் இதில் சேரும். ஐந்தாவதிலிருந்து, பந்து எறியாத ஆட்டக்காரர்மேல் ஃபவுல் செய்தாலும் பர்சனல் பி 2. ஆனால் பந்து வைத்திருக்கும் அணியே செய்த ஃபவுலுக்கு ஐந்துக்குப் பிறகும் ஃப்ரீ த்ரோ கிடையாது, எண்ணில்லாத பி மட்டுமே. நான்கு நிறைந்துவிட்ட பரபரப்பில் இடித்த ஃபவுலுக்கும் 2 போடுவது பழகியவர்களே செய்யும் பிழை. மேசைமேல் வைக்கும் சிவப்பு அணிக்குறியும், நான்காவது ஃபவுலுக்குப் பிறகு பந்து மறுபடி உயிர்பெறும்போதுதான் ஏற வேண்டும். விசில் ஊதியதும் தூக்கி வைத்தால் அந்த நான்காவது ஃபவுலுக்கே ஃப்ரீ த்ரோ கேட்டு ஒரு அணி கோட்டில் போய் நிற்கும். கூடுதல் நேரத்தில் கட்டம் புதிதாகத் தொடங்காது, நான்காம் கால்பகுதிக் கணக்கே நீளும்.

6. எழுத்தாக இல்லாத குறிகள்

அணித்தலைவர் பெயரருகே "கேப்" என்ற மூன்றெழுத்து. கோச் பட்டியலை 40 நிமிடம் முன்பே தர வேண்டும், 10 நிமிடம் முன்பு உறுதிசெய்து தொடக்க ஐவரைக் காட்ட வேண்டும். அந்த ஐவருக்குச் சின்ன பெருக்கல் குறி. ஆட்டம் தொடங்கியதும் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பின்னால் இறங்குபவருக்கு வட்டமில்லாத பெருக்கல் குறி. வட்டத்தைப் பட்டியல் வந்தபோதே போட்டுவிட்டால், கடைசி நிமிடத்தில் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்காரும்போது தாள் பாழ்.

புள்ளி ஓட்டத்தில் 1 முதல் 160 வரை அச்சாகியிருக்கும். களக்கூடைக்கு மொத்தப் புள்ளியின்மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு அடைத்த கரும்புள்ளி, அருகே போட்டவரின் எண். மூன்று புள்ளி என்றால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். தவறிய ஃப்ரீ த்ரோவுக்கு எதுவும் எழுதக்கூடாது. வெற்று வட்டம் போடுவது உள்ளூர்க் கண்டுபிடிப்பு, அதைப் புள்ளியாக எண்ணிக் கூட்டியவர்கள் உண்டு. தன் கூடையிலேயே ஒருவர் தவறிப் போட்டால் எதிரணியில் அப்போது களத்தில் உள்ள தலைவர் கணக்கில் ஏறும்.

டைம் அவுட் கட்டத்தில் கடிகாரம் காட்டுவதை எழுதாதீர்கள். கடிகாரம் பத்திலிருந்து இறங்குகிறது. எழுத வேண்டியது ஓடிக்கொண்டிருப்பது எத்தனையாவது நிமிடம் என்பது. 6:20 மிச்சம் என்றால் நான்காவது நிமிடம், எனவே 4. முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று. நான்காம் கால்பகுதியில் கடைசி 2 நிமிடத்துக்குள் வரும்போது இரண்டாம் பாதியின் ஒன்றைக்கூட எடுக்காதிருந்தால், முதல் கட்டத்தில் இரட்டைக்கோடு போட்டு அடைத்துவிடுங்கள். மூன்றும் மிச்சமிருக்கிறது என்று நினைத்திருக்கும் கோச்சுக்கு அதை அப்போதே தெரிவிப்பதும் நல்லது.

"ஏபி" என்றால் ஆல்டர்நேட்டிங் பொசெஷன், அணிகள் மாறி மாறிப் பந்து பெறும் முறை; அதைக் காட்டுவது மேசைமேல் இருக்கும் அம்பு. ஆட்டத் தொடக்கத்தில் நடுவர் மேலே எறியும் ஜம்ப் பாலில் பந்து கிடைக்காத அணிக்கு அடுத்த வாய்ப்பு. இடைவேளையில் அணிகள் கூடை மாறும்போது அம்பையும் திருப்பி வைக்க வேண்டும். அணி மாறாது, திசைதான் மாறும்.

7. ஒரு நிமிடத்தை எழுதிப் பாருங்கள்

மூன்றாம் கால்பகுதி, கையில் சிவப்புப் பேனா. முதல் அணி 43 புள்ளி. அதன் 7-ஆம் எண் கூடைக்குப் பாய்கிறார், இரண்டாவது அணியின் 12 அவர் கையில் அடிக்கிறார், பந்தும் விழுகிறது.

நடுவர் கூடை செல்லும் என்று காட்டுகிறார், பிறகு 12, கையில் அடித்த சைகை, ஒரு ஃப்ரீ த்ரோ. நீங்கள்: 45-இன்மேல் சாய்கோடு, அருகே 7. இரண்டாவது அணியின் 12-க்கு நேராகப் பர்சனல் பி, பக்கத்தில் சின்ன 1. அந்த அணியின் ஃபவுல் கட்டத்தில் பெருக்கல் குறி. வாயில்: "பன்னெண்டு, பர்சனல், ஒன்று, அவருக்கு ரெண்டாவது, அணிக்கு மூணு." உதவி ஸ்கோரர் 2 என்ற அட்டையைத் தூக்குகிறார்.

ஃப்ரீ த்ரோ விழுகிறது. 46-இல் கரும்புள்ளி, அருகே 7.

இரண்டாவது அணியின் கோச் எழுந்து நடுவரைப் பார்த்து எதையோ சொல்கிறார். விசில், குடைச் சைகை. அவர் வரிசையில் கோச் சி, சின்ன 1. அணி ஃபவுல் கட்டத்தைத் தொடாதீர்கள், அது இன்னும் மூன்றுதான். முதல் அணியின் 4 எறிகிறார், தவறுகிறார். எதுவும் எழுத வேண்டாம். எண் 1 அப்படியே இருக்கட்டும். ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது, அதாவது பந்து இரண்டாவது அணிக்கே.

இந்த ஒரு நிமிடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதட்டும். பிறகு கோச்சுக்குப் பதில் பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர் கத்தியதாக மாற்றி மறுபடி எழுதுங்கள். பட்டியலை நாற்பது தடவை ஒப்பிப்பதைவிட இது பலன் தரும்.

எழுதியது தப்பு என்று நடுவில் தெரிந்தால் பஸ்ஸரை உடனே அடிக்காதீர்கள். பந்து உயிரற்று நிற்கும் முதல் தருணத்துக்குக் காத்திருந்து அடியுங்கள். கூடைக்கு ஓடுகிறவனை உங்கள் பேனா நிறுத்தக்கூடாது.

8. நடுவர்கள் தமக்குள் பேசும் குறிகள்

இவை தாளில் ஏறாது, ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது காதில் விழும். "எல்ஜிபி" லீகல் கார்டிங் பொசிஷன், தடுப்பவர் முறையாக நின்றாரா. "ஏஓஎஸ்" ஆக்ட் ஆஃப் ஷூட்டிங், எறியும் செயலில் இருந்தாரா. "ஆர்எஸ்பிக்யூ" ரிதம், ஸ்பீட், பேலன்ஸ், குயிக்னெஸ்: தொட்டது ஆட்டக்காரரின் லயத்தையோ வேகத்தையோ நிலையையோ சுறுசுறுப்பையோ கெடுத்ததா என்று பார்க்கும் அளவுகோல். "ஐஓடி" தனிநடுவர் நுட்பம். "ஐஆர்எஸ்" காணொளி மறுபார்வை. நம் மைதானங்களுக்கு அது இன்னும் வரவில்லை, பயிற்சி முகாமில் காதில் விழும்.

கோச்சிடமோ ஆட்டக்காரரிடமோ இந்த எழுத்துகளைச் சொல்லாதீர்கள். "எல்ஜிபி இல்ல சார்" என்றால் அவர் மேலும் சூடாவார். "லேட்டா வந்து நின்னான் சார்" என்றால் முடிந்தது.

9. புள்ளிவிவரத் தாள்

இது கடைசி. ஸ்கோர் ஷீட் கைவராமல் இதற்குள் போனால் இரண்டும் கலங்கும். "எஃப்ஜி" களக்கூடை, "எஃப்டி" ஃப்ரீ த்ரோ, எம் விழுந்தது, ஏ முயன்றது. ரீபவுண்டில் "ஓஆர்" தாக்குதல் பக்கம், "டிஆர்" தற்காப்புப் பக்கம். "ஏஎஸ்" அசிஸ்ட், "எஸ்டி" ஸ்டீல், "பிஎஸ்" பிளாக், "பிஎஃப்" செய்த ஃபவுல், "எஃப்டி" என்றே ஒலிக்கும் இன்னொன்று எதிராளியிடம் வாங்கிய ஃபவுல். குடை டி என்றால் ஃப்ரீ த்ரோ, வில் டி என்றால் வாங்கிய ஃபவுல். நான்காவது படி இங்கேயும் துரத்துகிறது. "டிஎன்பி" என்றால் இறங்கவே இல்லை.

10. கையெழுத்துக்கு முன்

ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் கடைசிப் புள்ளியைச் சுற்றித் தடித்த வட்டம், கீழே தடித்த கோடு. ஆட்டம் முடிந்தால் இரண்டு கோடு. பேனா நிறத்தை மாற்றுமுன் இதை முடியுங்கள். அடுத்த கால்பகுதி தொடங்கிய பிறகு நினைவு வந்தால் நிறம் தவறிவிடும். ஃபவுல் கட்டங்களில் இரண்டாம் கால்பகுதி முடிந்ததும் எழுதியவற்றுக்கும் எழுதாதவற்றுக்கும் நடுவே தடித்த கோடு, ஆட்ட முடிவில் மிச்சக் கட்டங்கள்மேல் படுக்கைக்கோடு. இது அலங்காரம் இல்லை, பின்னால் யாரும் ஒரு எழுத்தை நுழைக்காமல் இருக்க.

பிறகு சரிபார்ப்பு, இந்த வரிசையில்: புள்ளி ஓட்டத்தை கால்பகுதி வாரியாகக் கூட்டிக் கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள், ஃபவுல் கட்டங்களில் பெஞ்ச் பி, கோச் சி ஆட்டக்காரர் வரிசைக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள், எண்ணில்லாத யு, டி எதுவும் இருந்தால் அருகே சின்ன சி இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் விடுபட்டிருக்கிறது.

மேசையில் உள்ள உதவி ஸ்கோரர், நேரக் காப்பாளர், 24 நொடிக் கடிகாரத்தை இயக்குபவர் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு அம்பயர்கள், கடைசியாக சிசி. அவர் பேனாவை எடுக்கும்வரை எதையும் திருத்தலாம். அவர் கையெழுத்துப் போட்டதும் தாளை மூடி, கிளிப்பைக் கழற்றி, போட்டி நடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள்.